எடுக்காத கால்

எனக்கு இரும்புக்கால் என்று பெயர் வைத்தது யாரென்று எனக்கே மறந்துவிட்டது. பந்தயக் கார் ஓட்டிய காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர், ஓய்வு பெற்ற பிறகும் உதிரவில்லை. ஆக்சிலேட்டரில் வைத்த காலை எடுக்காதவன் என்று பொருள். மழையோ புழுதியோ, முன்னால் எவன் உருண்டு கிடந்தாலும் சரி, இரும்புக்கால் எடுக்க மாட்டான். பெட்ரோல் பங்கில் என்னை அடையாளம் கண்டுகொள்கிற பெரிசுகள் இன்றும் குனிந்து என் செருப்பைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்க்கிறார்கள்.

இப்படிப்பட்டவனுக்கு இந்தக் காலத்து ஓட்டுநர்களைப் பற்றி என்ன எண்ணம் இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை பந்தயம் என்றால் மச்சானோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். முதல் சுற்று முடிவதற்குள் என் வாய் கிளம்பிவிடும். ஸ்டியரிங்கில் முப்பது பொத்தான், இது காரா கால்குலேட்டரா? உடம்பு சூடாகக் கூடாதென்று குளிர்ச்சட்டை, கழுத்துக்கு ஒரு பயிற்சியாளர், தூக்கத்துக்கு ஒரு பயிற்சியாளர். காதுக்குள் ஒருவன் உட்கார்ந்துகொண்டு இடது, வலது என்று சொல்லிக்கொண்டே வருகிறான். "எங்க காலத்துல..." என்று ஆரம்பித்தால் கடைசிக் கொடி ஆட்டும்வரை நிறுத்த மாட்டேன். மச்சான் ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்துவிட்டு, இடது காலை முக்காலியின் மேல் நீட்டி வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். அவரும் ஓட்டியவர்தான், என்னைவிட நன்றாகவே ஓட்டியவர். அவருடைய இடது கால் முழங்காலில் மடங்காது. முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் கார்ப் பந்தய ஓடுதளத்தின் நான்காம் திருப்பத்தில், புழுதிக்குள் அவர் கார் சுழன்று பாதையின் குறுக்கே நின்றது. பின்னால் வந்த நான் அதன் முன்பகுதியில், அவர் கால்கள் இருந்த இடத்தில் மோதினேன். அவர் தங்கைக்கும் எனக்கும் அப்போதே நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்தை ஆறு மாதம் தள்ளி வைத்தார்கள். மச்சான் இரண்டு கக்கத்திலும் கட்டைகளோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

விசாரணையில் நான் சொன்னது இதுதான்: புழுதிக்குள் ஏதோ சரியில்லை என்று தெரிந்த உடனே காலை எடுத்துவிட்டேன், பிரேக்கும் பிடித்தேன், முடியவில்லை. இரும்புக்காலே காலை எடுத்தான் என்றதும் ஊரே உச்சுக் கொட்டியது. "காலை எடுத்த பிறகும் மோதலைத் தவிர்ப்பது மனிதரால் இயலாது" என்று அறிக்கையில் எழுதி, என் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நான் காலை எடுக்கவில்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டது குறைவு. சொல்ல நேர்ந்தாலும் கையில் ஒரு சமாதானம் தயாராக இருந்தது. எங்கள் தலைமுறையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: புழுதிக்குள் போனால் காலை எடுக்காதே, எடுத்தால் பின்னால் வருகிறவன் உன் முதுகில் ஏறிவிடுவான். எல்லோரும் அப்படித்தான் ஓட்டினோம். ஆனால் அன்றைக்கு எனக்குச் சட்டம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. குறுக்கே நின்ற காருக்கு வலது பக்கத்தில் ஒரு கார் போகிற அளவுக்கு இடைவெளி தெரிந்தது. அதில் புகுந்தால் முதல் இடம். அவ்வளவுதான் நினைத்தேன்.

போன ஞாயிறு அதே ஓடுதளத்தில் பந்தயம். நான் டிவி முன்னால் இல்லை. நடுவர் குழுவில் மூன்று பேர் உண்டு. அதில் ஒருவர் பழைய ஓட்டுநராக இருக்க வேண்டும் என்பது விதி. இந்த முறை என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தலைவர் ஒரு முன்னாள் நீதிபதி அம்மா. தேநீர்க் கோப்பையை வைக்கும்போதுகூடத் தீர்ப்பு வாசிப்பது போலத்தான் வைப்பார். மூன்றாமவர் பொறியாளர். என் மகன் வயதிருக்கும், கண்ணாடிக்குள்ளிருந்து கணினியைத் தவிர வேறெதையும் பார்க்காத மனிதர்.

மழை காலையிலிருந்தே விடவில்லை. இந்தக் காலத்துக் கார்கள் மழையில் போனால் பின்னால் தெறிக்கிற நீர்த்திவலை ஒரு வெள்ளைச் சுவராகவே எழும்புகிறது. அதற்குள் தெரிவது முன்னால் போகிற காரின் பின்புறத்தில் விட்டு விட்டு எரிகிற சிவப்பு விளக்கு மட்டும்தான். இருபத்தெட்டாம் சுற்றில், நான்காம் திருப்பத்தில், மூன்றாம் இடத்தில் போய்க்கொண்டிருந்த கார் சுழன்று குறுக்கே நின்றது. நான்காவதாக வந்தது குருவி. அந்தப் பெண்ணுக்குப் பட்டறைக்காரர்கள் வைத்த பெயர் அது. இருபத்திரண்டு வயது, முதல் பருவம், தலைக்கவசத்தோடு சேர்த்து நிறுத்தாலும் என் பாதி எடை தேற மாட்டாள். குருவி இடது பக்கச் சுவரில் மோதினாள். அவளுக்குப் பின்னால் வந்தவன் அவள் பின்சக்கரத்தில் இடித்துச் சுழன்றான். யாருக்கும் பெரிய காயமில்லை. பந்தயம் நின்றது.

ஒரு மணி நேரத்தில் புகார் வந்துவிட்டது. பின்னால் வந்தவனின் அணி மேலாளர் கோட்டுக்காரர். நனைந்த குடையை அறைக்குள்ளேயே உதறிக்கொண்டு பேசினார்.

"வெள்ளைச் சுவத்துக்குள்ள, பின்னாடி ஆள் வர்றது தெரிஞ்சும், திடீர்னு காலை எடுத்து பிரேக் அடிச்சிருக்காங்க. பயந்துட்டாங்க மேடம். பயப்படுறது தப்பில்லை, ஆனா பயந்தவங்க இந்த வேகத்துல ஓட்டக் கூடாது."

குருவியின் உரிமத்தில் ஏற்கெனவே தண்டனைப் புள்ளிகள் இருந்தன. இன்னும் மூன்று விழுந்தால் ஓராண்டுத் தடை. முதல் பருவத்திலேயே ஓராண்டு வெளியே நின்றவளை எந்த அணியும் திரும்பக் கூப்பிடாது. அது அந்த அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடம்வரை நான் மேலாளரின் கட்சிதான். பார்த்தீர்களா, இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று மனதுக்குள் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை ஆரம்பித்துவிட்டேன்.

பொறியாளர் திரையில் ஒரு வரைபடத்தைத் திறந்தார். "பச்சைக் கோடு அவங்க வலது கால் சார். ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்துறாங்கன்னு காட்டும். சிவப்பு பிரேக். நீலம் ஸ்டியரிங். இந்த மஞ்சள் புள்ளி ரேடியோ பொத்தான்."

எங்கள் காலத்தில் காலுக்குச் சாட்சி கிடையாது. மிதியில் கால் இருந்ததா இல்லையா என்பது காலுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. இங்கே ஒரு பெண்ணின் பாதம் பச்சை நிறத்தில் சுவர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"இந்த இடத்துல முன்னாடி காரோட சிவப்பு விளக்கு மறையுது. இங்கிருந்து கணக்கு." பொறியாளர் ஒரு கோடு போட்டார். "ஒரு விநாடியை நூறா வெட்டிக்கோங்க. பத்தொன்பதாவது துண்டுல கால் முழுசா மேல வந்துடுச்சு. முப்பத்தஞ்சுல பிரேக். ஐம்பதுல ஸ்டியரிங் இடது பக்கம். எழுபதுல..." அவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டினார். "எழுபதுல ரேடியோ பொத்தானை அழுத்தியிருக்காங்க. சுவத்துல மோதுறது நூத்தி அறுபதுல."

"மோதுறதுக்கு முன்னாடியா?" என்று நான்தான் கேட்டேன்.

"முன்னாடிதான் சார்."

ஒலியைப் போட்டார். இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் வந்தது. "கார் குறுக்க! கார் குறுக்க! எல்லாரையும் நிறு..." பிறகு ஓர் இடி. பிறகு அமைதி. அணியிலிருந்து யாரோ பதறி, "நல்லா இருக்கியா? குருவி, பேசு!" என்றார்கள். மூச்சு வாங்குவது கேட்டது. "இருக்கேன். அவருக்கு என்ன ஆச்சு? அவர் மேல யாரும் மோதலையே?"

என் கையிலிருந்த காகிதக் கோப்பை சாய்ந்து தேநீர் பேன்ட்டில் கொட்டியதை நான் அப்புறம்தான் கவனித்தேன். முப்பது பொத்தான் என்று எத்தனை ஞாயிறு கிண்டலடித்திருக்கிறேன். அந்த முப்பதில் சரியான ஒன்றை, சுவர் தன்னை நோக்கி வருகிற நேரத்தில், பின்னால் வருகிறவர்களுக்காகத் தேடிப் பிடித்திருக்கிறது ஒரு கட்டைவிரல். நான் பதினான்கு ஆண்டுகள் ஓட்டியிருக்கிறேன். மோதப் போகிற நேரத்தில் பின்னால் வருகிறவனை நினைத்ததாக ஒரு நாளும் ஞாபகமில்லை. எனக்குப் புல்லரித்தது. அறுபத்தைந்து வயதில், குளிர்சாதன அறையில், ஒரு வரைபடத்தைப் பார்த்து உடம்பெல்லாம் புல்லரித்தது.

தலைவர் அம்மா அவளைக் கேட்டார். "வலது பக்கம் இடம் இருந்திருக்கே. ஏன் அதுல போகலை?"

 படத்தில் நானும் அதைப் பார்த்திருந்தேன். ஒரு கார் அகலம், கொஞ்சம் கூடுதல். அதே திருப்பம், அதே பக்கம்.

"பாத்தேன் மேடம். ஆனா அந்தக் கார் மெதுவா பின்னாடி உருண்டுட்டு இருந்துச்சு. மூடிடும்னு தோணுச்சு. மூடாமலும் இருந்திருக்கலாம், தெரியலை. உள்ள ஆள் இருக்கார்ல. அதை வச்சு விளையாட முடியாது." பிறகு பின்னால் வந்தவனின் மேலாளர் பக்கம் திரும்பினாள். "உங்க டிரைவர்கிட்ட நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க சார். அவருக்கு இன்னும் கொஞ்சம் முன்னாடி நான் சொல்லியிருக்கணும்."

இன்னும் கொஞ்சம் முன்னாடியாம். ஒரு விநாடியின் எழுபதாவது துண்டு அவளுக்குத் தாமதமாகத் தெரிகிறது.

மேலாளர் லேசுப்பட்டவர் இல்லை. "மேடம், பத்தொன்பது துண்டுன்னு சொல்றாங்க. வெள்ளைச் சுவத்துக்குள்ள ஒரு விளக்கு மறைஞ்சதைப் பாத்து அவ்வளவு சீக்கிரம் எந்த மனுஷனும் காலை எடுக்க முடியாது. அப்படின்னா விளக்கு மறையறதுக்கு முன்னாடியே பயந்து எடுக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னுதான் அர்த்தம். இதை நான் சொல்லலை. இதே ஓடுதளம், இதே நாலாம் திருப்பம், உங்க பழைய விசாரணை அறிக்கையே சொல்லுது." பையிலிருந்து ஒரு நகலை எடுத்து மேசையில் வைத்தார். என் பக்கம் பார்த்துக் கும்பிடாத குறையாகத் தலை குனிந்தார். "இரும்புக்கால் சார் மாதிரி ஒரு ஜாம்பவான், காலை எடுத்தும் தவிர்க்க முடியலை. மனிதரால் இயலாதுன்னு எழுதியிருக்கு. அவராலேயே முடியாததை, போன வருஷம் லைசென்ஸ் வாங்கின பொண்ணு செஞ்சுச்சுன்னு நம்பச் சொல்றீங்களா?"

தலைவர் அம்மா அறிக்கையைப் புரட்டினார். பொறியாளரைப் பார்த்தார்.

"விளக்கு மறைஞ்ச நேரத்தைப் படத்தை வச்சுத்தான் குறிச்சிருக்கேன்," என்று பொறியாளர் இழுத்தார். "ஒண்ணு ரெண்டு துண்டு முன்ன பின்ன இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது மேடம்."

"அப்போ நீங்கதான் சொல்லணும் சார்," என்று அந்த அம்மா என்னிடம் திரும்பினார். "அந்த இடத்துல, அந்த நிலைமையில இருந்தவர் நீங்க ஒருத்தர்தான். காலை எடுத்தீங்க. அப்படியும் முடியலை. இந்தப் பொண்ணால முடிஞ்சிருக்குமா?"

பொய் சொன்னவனுக்கு ஒரு சலுகை உண்டு. பொய் பழசாகப் பழசாக யாரும் அதைத் தொட மாட்டார்கள். என் பொய் ஓர் அலமாரிக்குள் சமர்த்தாகத் தூங்குகிறது என்றுதான் நினைத்திருந்தேன். அது இப்போது எழுந்து வந்து, கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. "தெரியலை மேடம்" என்று சொன்னால் போதும். அவள் வீட்டுக்குப் போவாள், நான் இரும்புக்காலாகவே இருப்பேன். இந்த வெட்கங்கெட்ட கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். ஒரு விநாடியை நூறாக வெட்டினால் எத்தனை துண்டு யோசித்தேனோ தெரியாது, நிச்சயமாகப் பத்தொன்பதில் முடிக்கவில்லை.

"அந்த அறிக்கை தப்பு மேடம்," என்றேன். "நான் காலை எடுக்கலை."

மேலாளர் மேசையிலிருந்த நகலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பிரேக்கும் பிடிக்கலை. கார் குறுக்க நிக்குதுன்னு தெரிஞ்சுது. இந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்ச மாதிரியே எனக்கும் நல்லாத் தெரிஞ்சுது. நேரமும் இருந்துச்சு. வலது பக்கம் இடைவெளி இருந்துச்சு, அதுல போயி ஜெயிக்கலாம்னு அழுத்தினேன். அது மூடிடுச்சு. மனுஷனால முடியாதுன்னு எழுதினது, முயற்சியே பண்ணாத ஒருத்தன் சொன்னதை நம்பி. முடியும். இதோ சுவத்துல பச்சையா ஓடுது பாருங்க. அது பயந்த கால் இல்லை. பயந்தவன் நான். முதல் இடம் போயிடுமேன்னு பயந்தேன்."

 தலைவர் அம்மா பேனாவைக் கையிலெடுத்து, "இதைக் குறிப்புல எழுதணுமா சார்?" என்றார். அந்த மனுஷியின் குரல் முதன்முறையாகத் தீர்ப்பு மாதிரி இல்லை.

"எழுதுங்க."

புகாரைத் தள்ளுபடி செய்ய அரை மணி நேரம் ஆயிற்று. வெளியே நடைபாதையில் குருவி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். நன்றி சொல்லிவிடுவாளோ என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் சொல்லவில்லை.

"எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு சார், அந்த இடைவெளி," என்றாள். "போயிருந்தா மூணாவது இடம்."

 அவளுக்கு ஆசை இல்லாமலிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். என்னிடம் இருந்த அதே ஆசை இருந்திருக்கிறது. அதோடுதான் காலைத் தூக்கியிருக்கிறாள். கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. அசட்டுத்தனமாகத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

முடிவை ஆறு மணிக்கு வெளியிடுவார்கள், குறிப்போடு சேர்த்து. டிவிக்காரர்கள் விட மாட்டார்கள். அதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும். வழியெல்லாம் வைப்பர் அடித்துக்கொண்டே வந்தது. முன்னால் போன பேருந்தின் சிவப்பு விளக்கைப் பார்த்தபோதெல்லாம் என் கால் தானாக மேலே வந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தே என்னைக் கொன்றுவிட்டார்கள்.

மச்சான் வழக்கமான நாற்காலியில் இருந்தார். கால் முக்காலியின் மேல். அடுப்படியில் என் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"வா மாப்ளே. அந்தப் பொண்ணை விட்டீங்களா, இல்லையா?"

"விட்டாச்சு." நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச முடியாது என்று தெரிந்தது. "மச்சான், அன்னைக்கு நான் காலை எடுக்கலை."

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"உன் எஞ்சின் சத்தம் குறையவே இல்லைடா. குறுக்க மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், புழுதியில கண்ணு தெரியலை, காது மட்டும்தான். வர்றது உன் காருன்னு தெரிஞ்சுது. இப்போ குறையும், இப்போ குறையும்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

முப்பத்தோரு ஆண்டுகள். ஒரே டிவி, ஒரே சாப்பாட்டு மேசை. நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் மச்சான் சொல்லலை?"

"சொல்லியிருந்தா கால் வந்திருக்குமா? அவ உன்னைத்தான் கட்டிக்குவேன்னு நின்னா. சரி, அப்போ எல்லாரும் அப்படித்தானே ஓட்டினோம், நானே என்ன யோக்கியம்னு மனசைத் தேத்திக்கிட்டேன். கால் போனதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன் மாப்ளே." முக்காலியிலிருந்த காலை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்தார். "ஞாயித்துக்கிழமை ஆனா, பக்கத்துல உக்காந்துக்கிட்டு 'எங்க காலத்துல'ன்னு ஆரம்பிப்பே பாரு. அதைத்தான் தாங்க முடியலை."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. என் மனைவி ஈரக் கையோடு அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்பு அவள் என்னிடம் ஒரே ஒரு முறைதான் அதைக் கேட்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்திருந்தேன்.

"எடுத்தீங்களா, இல்லையா?" என்றாள்.

"எடுக்கலை."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. என்னைத் தாண்டிப் போய் அண்ணனின் பக்கத்தில், நான் ஞாயிறுதோறும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, மடங்காத அந்த முழங்காலின் மேல் கையை வைத்துக்கொண்டாள். திரையில் நான்காம் திருப்பத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பொண்ணு ரேடியோவுல பேசினதைத் திரும்பப் போடுவாங்கள்ல," என்றாள். "சத்தத்தைக் கூட்டுங்க."

கூட்டினேன். நின்றுகொண்டே கேட்டேன். கார் குறுக்க, கார் குறுக்க, எல்லாரையும் நிறு... அவள் எஞ்சின் சத்தம் அதற்கு முன்பே இறங்கிவிட்டிருந்தது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார்.